கடைசி மூட்டைக்குப் பிறகும் நிற்காத லூப்

கேள்வி: மாட்டுத்தாவணி பூச்சந்தையில் உள்ள ஒரு கமிஷன் கடைக்காக, அன்றன்று வந்திறங்கும் மல்லிகை மூட்டைகளின் எடையைச் சேமிக்கும் கிளாஸ் ஒன்றை சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதி, சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தானுடன் இணைக்கும் பைபைண்ட்11 லைப்ரரி வழியாகப் பைத்தானுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். நீளத்தைச் சொல்லும் ‘லென்’, எண்ணைக் கொடுத்தால் எடையைத் தரும் ‘கெட்ஐட்டம்’ ஆகிய இரண்டையும் எழுதிவிட்டேன். ஆனாலும் ‘ஃபார்’ லூப் கடைசி மூட்டையோடு நிற்காமல், பொருளற்ற எண்களை அச்சிடுகிறது. சில நேரங்களில் புரோகிராமே முறிந்துவிடுகிறது. நீளம் தெரிந்தும் ஏன் நிற்பதில்லை?
– வாசகர், திருமங்கலம்

பதில்: பைத்தானின் ‘ஃபார்’ லூப் நீளத்தைக் கேட்பதே இல்லை. உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டரை உருவாக்கும் ‘இட்டர்’ என்னும் மெத்தட் ஒரு பொருளில் இல்லையென்றால், அது பழைய வழக்கப்படி 0, 1, 2 என்று வரிசையாகக் ‘கெட்ஐட்டம்’ மெத்தடை அழைத்துக்கொண்டே போகும். எண் எல்லை தாண்டியதைச் சொல்லும் ‘இண்டெக்ஸ்எரர்’ என்ற பிழை எழும்வரை ஓயாது. நீங்கள் எடைகளை வெக்டரில், அதாவது சி பிளஸ் பிளஸ்ஸின் வரிசைப் பட்டியலில் வைத்து, அதன் உறுப்புகளைச் சதுர அடைப்புக்குறியால் எடுத்திருப்பீர்கள் என்று கருதுகிறேன். அக்குறி எல்லையைச் சரிபார்க்கக் கடமைப்பட்டதன்று. 40 மூட்டை வந்த நாளில் 41ஆவதைக் கேட்டாலும், நினைவகத்தில் அடுத்துக் கிடப்பதை எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். அதற்குப் பதிலாக, வெக்டரின் ‘அட்’ என்னும் மெத்தடைப் பயன்படுத்துங்கள். எல்லை தாண்டியதும் அது எழுப்பும் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ பிழையைப் பைபைண்ட் தானாகவே ‘இண்டெக்ஸ்எரர்’ ஆக மாற்றித் தரும். லூப்பும் முறையாக நிற்கும்.

நாளை நீங்கள் விவசாயியின் பெயர்வாரியாக எடைகளை ஒரு மேப்பில் (பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அமைப்பில்) வைத்தால், இந்த எண்வழி உதவாது. அப்போது, பைத்தான் 2.2 முதல் உள்ள ‘இட்டர்’ மெத்தடையே எழுத வேண்டும். பைபைண்டின் ‘மேக் இட்டரேட்டர்’ ஃபங்ஷனுக்குத் தொடக்கத்தையும் முடிவையும் கொடுத்தால் போதும்; ஆனால் ‘கீப் அலைவ்’ என்ற குறிப்பை 0, 1 என்னும் எண்களுடன் சேர்க்க மறந்துவிடாதீர்கள். பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். அன்றைய வரவை உருவாக்கித் தரும் ஃபங்ஷனை லூப்பின் முதல் வரியிலேயே அழைத்தால், பைத்தான் இட்டரேட்டரை மட்டும் வைத்துக்கொண்டு வரவுப் பொருளை விடுவித்துவிடும். பிறகு இட்டரேட்டர் சுட்டுவது அழிந்துபோன இடத்தையே. திருப்பித் தரப்படும் இட்டரேட்டர் (0) இருக்கும்வரை மூலப்பொருளும் (1) இருக்க வேண்டும் என்பதே அக்குறிப்பின் பொருள்.

அக்குறிப்பும் ஒன்றைக் காக்காது. லூப் ஓடும்போதே தாமதமாக வந்த மூட்டையைச் சேர்த்தால், வெக்டர் வேறிடத்துக்குப் பெயரக்கூடும். பழைய இட்டரேட்டர் செல்லாததாகிவிடும். உங்கள் கடையில் அப்படிப் பதிவது வழக்கமென்றால், வெக்டருக்கு ‘அட்’ வழியையே வைத்துக்கொள்ளுங்கள். அது ஒவ்வொரு முறையும் எண்ணைக் கொண்டு புதிதாகத் தேடுவதால், புதிய மூட்டையும் கணக்கில் வந்துவிடும்.