லண்டனில் வங்காளிகளின் எந்தக் கொண்டாட்டத்துக்குப் போகலாம்?

படிக்க லண்டன் வருகிறேன், வங்காளி அல்லாதவர்களைத் தங்கள் விழாக்களில் சேர்த்துக்கொள்வார்களா, எதற்குப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். ஒயிட்சாப்பல் பக்கம் ஆறு வருடம் குடியிருந்தேன், யாரும் கூப்பிடாமலேயே எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன், போன இடமெல்லாம் முதல் கேள்வி "சாப்பிட்டாச்சா" என்பதுதான்.

ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கிழக்கு லண்டனில் இருப்பவர்கள் பெரும்பாலும் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதிக்காரர்கள், முஸ்லிம்கள். பிரிட்டிஷ் கப்பல்களில் கரி அள்ளிப்போட வந்தவர்களில் தொடங்கிய தொடர்பு அது, இன்றைக்கு டவர் ஹாம்லெட்ஸில் 2021 கணக்கெடுப்பின்படி 100க்கு 34 பேருக்கு மேல் வங்கதேச வம்சாவளி. கொல்கத்தாப் பக்கத்து இந்துக் குடும்பங்கள் நகரமெங்கும் சிதறி இருக்கிறார்கள், துர்கா பூஜை அவர்களுடையது. பேசுவது இரண்டு பேருமே வங்காளிதான், ஆனால் சில்ஹெட்டுக்காரர் வேகமாகப் பேசினால் கொல்கத்தாக்காரருக்குப் பாதி புரியாது.

வங்காளிப் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக் வங்கதேசத்தில் ஏப்ரல் 14, நம் சித்திரை முதல் நாளேதான். டாக்காவில் அன்று காலையில் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையும், பாந்தா பாத்தும் பொரித்த இலிஷ் மீனும். பாந்தா பாத் வேறொன்றுமில்லை, பழைய சோறு! லண்டனில் ஏப்ரல் குளிரிலும் மழையிலும் திடலில் கூட்டம் கூட்ட முடியாது என்பதால், 1990களின் கடைசியில் பிரிக் லேன் பக்கம் தொடங்கிய பொய்ஷாக்கி மேளாவை மே, ஜூன் என்று தள்ளி, சில வருடம் ஜூலையில்கூட வைக்கிறார்கள். ஊர்வலம், மேடைப் பாட்டு, கடுகெண்ணெய் விட்டுக் கிளறிய ஜால்முரி என்ற காரப் பொரி எல்லாம் உண்டு. ஆனால் ஏப்ரல் 14 காலையில் என் மாடி வீட்டு பாய் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பாந்தா பாத், பச்சை மிளகாய், வெங்காயத்தோடு கீழே வந்துவிடும். மேளாவைவிட அந்தக் கிண்ணம்தான் எனக்குப் புத்தாண்டு.

துர்கா பூஜைக்கும் இந்தத் தேதிச் சிக்கல் உண்டு. அமெரிக்காவின் பல ஊர்களில் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறோடு முடித்துவிடுகிறார்கள், ஐந்து நாளை மூன்று நாளில் அடக்கி. லண்டனில் பெரிய பூஜைகள், 1963 முதல் நடக்கும் கேம்டன் பூஜை உட்பட, திதிப்படியே நடக்கின்றன, ஆகவே வாரநாளில் வேலை முடிந்து கோட்டோடு வந்து சாமி கும்பிடுபவர்களைப் பார்ப்பீர்கள். அஷ்டமி காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போங்கள், கையில் பூ கொடுப்பார்கள், புரோகிதர் மைக்கில் சொல்லச் சொல்ல எல்லோரும் மந்திரம் சொல்லி அம்மன் காலடிக்குப் பூவைச் சேர்ப்பார்கள், அதுதான் அஞ்சலி. அப்புறம் வரும் கிச்சுரியும் கத்தரிக்காய்ப் பஜ்ஜியும் தக்காளிச் சட்னியும் பசி வயிற்றுக்கு அமிர்தம்.

சிலை கொல்கத்தாவில் சிலை செய்பவர்களின் பேட்டையான குமார்துலியிலிருந்து கப்பலில் வருகிறது. தொலைதூரம் போகும் சிலைகளைக் களிமண்ணுக்குப் பதில் ஃபைபரிலோ ஷோலாவிலோ செய்வார்கள். ஷோலா என்றால் நம் தஞ்சாவூர்க் கைவினைக்காரர்கள் கோவில் மாதிரி செதுக்கும் அதே நெட்டி. அவ்வளவு தூரம் வந்த சிலையை ஆற்றில் விட மனம் வருமா? 2006இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலேயே கலைஞர்களை வரவழைத்துச் செய்த சிலையைப் புட்னியில் தேம்ஸில் கரைத்தார்கள். மற்றபடி, தசமியன்று ஒரு பாத்திரத் தண்ணீரில் கண்ணாடியை வைத்து அதில் தெரியும் அம்மனின் முகத்தை வழியனுப்பிவிட்டு, சிலையைப் பெட்டியில் போட்டு அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பார்கள். அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆனால் ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் சொல்வது பிப்ரவரி 21. கொண்டாட்டம் என்று சொல்ல முடியாது, துக்க நாள். 1952இல் அன்றுதான் டாக்காவில் வங்காளி மொழிக்காக நின்ற மாணவர்களைப் போலீஸ் சுட்டது. ஒயிட்சாப்பலில் அல்தாப் அலி பூங்கா என்று ஒன்று இருக்கிறது. 1978 மே 4 அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், வங்காளி என்ற காரணத்துக்காகவே குத்திக் கொல்லப்பட்ட தையல் தொழிலாளியின் பெயர் அது. பத்து நாள் கழித்து அவருடைய சவப்பெட்டிக்குப் பின்னால் சுமார் 7,000 பேர் பிரதமர் இல்லம் வரை நடந்தார்கள். அந்தப் பூங்காவில்தான், சுடப்பட்ட அந்த மாணவர்களுக்கு டாக்காவில் இருக்கும் நினைவுச்சின்னமான ஷஹீத் மினாரின் சிறிய வடிவம் 1999 முதல் நிற்கிறது.

மேளாவைப் போல இந்தத் தேதியை அவர்கள் நகர்த்துவதில்லை. பிப்ரவரிக் குளிர், நள்ளிரவு, மறுநாள் வேலை, எதையும் பார்ப்பதில்லை. 12 மணி அடித்ததும் வரிசையாக வந்து மலர் வைக்கிறார்கள், பூஜையில் பார்த்த கொல்கத்தா முகங்கள் சிலவற்றை அங்கேயும் பார்த்தேன். கூட்டம் முழுக்கத் தணிந்த குரலில் ஒரு பாட்டைப் பாடும். 1952இல் டாக்காவில் மாணவராக இருந்து அதை எழுதிய அப்துல் கஃபார் சௌத்ரி பின்னால் லண்டனிலேயே குடியேறி 2022இல் இங்கேயே காலமானார். ஒரு வார்த்தையும் புரியாமல் நின்ற எனக்கு தாளமுத்துவும் நடராசனும் நினைவுக்கு வந்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவரிடம் சொன்னேன், அவர் கையிலிருந்த பூவில் பாதியை என்னிடம் கொடுத்தார்.

பிப்ரவரி 20 இரவு 11 மணிக்கே போய்விடுங்கள், வரிசை நீளம். பூவைச் சாயங்காலமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் கடை திறந்திருக்காது.