ஆட்டத்தைப் பாதியில் விட்டவர்களைக் கவனிக்கும் பையனுக்கு எந்தப் படிப்பு?

மதுரையிலிருந்து ஓர் அப்பா கேட்டிருக்கிறார். பிளஸ் டூ முடித்த மகன் எந்நேரமும் புதுப்புது ஆன்லைன் கேமைத் தேடிக்கொண்டிருக்கிறான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்தால் சரியாகிவிடுவான் என்கிறார் தாய்மாமன். வீட்டை அடமானம் வைக்கலாமா?

பையன் கெட்டுப்போகவில்லை ஐயா. ஆனால் வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள். நீங்கள் அனுப்பிய அவன் நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன்: "சித்தி பையன் மூணாவது லெவலில் விட்டுட்டான். எப்படிக் குதிக்கணும்னு கேம் சொல்லவே இல்லை." மனிதர்களைக் கவனிக்கத் தெரிந்தவன் எழுதியது இது. இதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது: பிளேயர் ரிசர்ச், அதாவது கேம் ஆடுபவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்து ஆராய்வது.

புதிதாக ஒரு கேமைத் திறந்தவர் மறுநாளும் வருவாரா என்பது பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே முடிவாகிவிடும். 2007-இல் வந்த ஹேலோ 3 என்ற வீடியோ கேமைச் சோதித்தபோது, ஆடுபவர்கள் எங்கே சாகிறார்கள், எங்கே வழி தெரியாமல் சுற்றுகிறார்கள் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வரைபடத்தில் குறித்தார்கள். கேமில் வரும் காட்டுப் பகுதியில் பலர் வந்த வழியிலேயே திரும்பிப் போனார்கள். குதித்து இறங்கினால் மறுபடி ஏற முடியாதபடி நிலத்தை மாற்றியதும் குழப்பம் தீர்ந்தது. திறமை கூடுகிறது, தேர்வு என் கையில் இருக்கிறது, கூட ஆள் இருக்கிறது என்ற மூன்று உணர்வுகள்தான் ஆடுபவரைப் பிடித்துவைக்கின்றன என்று ரயன், ரிக்பி, பிரிசிபில்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 2006-இல் காட்டினார்கள்.

இதற்கு பி.எஸ்சி. உளவியல் படிக்கட்டும். கூடவே புள்ளியியலைக் கெட்டியாகப் பிடிக்கட்டும்; அது இல்லாமல் இந்த வேலை இல்லை. சென்னை மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். புள்ளியியல் கணக்குக்கு உதவும் ஆர், பைத்தான் என்ற கணினி மொழிகள் இரண்டும் இலவசம். இந்த வேலை மட்டும் என்று தேடினால் இந்தியாவில் இடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் வங்கிச் செயலி, மருத்துவச் செயலி செய்கிறவர்களுக்கும் இதே ஆய்வு தேவைப்படுகிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எப்போது பரிசு விழும் என்று தெரியாதபோதுதான் மனம் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களிடம் கண்டது அது. அதை வைத்துப் பணம் பிடுங்கும் வேலைக்கு அவன் போகக் கூடாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-இல் மத்தியச் சட்டமே தடை செய்துவிட்டது.

மாமனிடம் நானே பேசுகிறேன். கல்லூரிக்கு அட்வான்ஸ் மட்டும் கட்டிவிடாதீர்கள்.