எராஸ்மஸுக்கு 85,000 ரூபாய் கட்ட வேண்டுமா?

கேள்வி: என் மகள் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.டெக். ஃபுட் டெக்னாலஜி கடைசி வருடம் படிக்கிறாள். சிஜிபிஏ இதுவரை 7.9. அரியர் இல்லை. நான் தையல் கடை வைத்திருக்கிறேன். மதுரையில் ஒரு கன்சல்டன்சியில், "ஐரோப்பாவில் எராஸ்மஸ் என்று முழுச் செலவும் தரும் ஸ்காலர்ஷிப் இருக்கிறது. எங்கள் கோட்டாவில் வாங்கித் தருகிறோம். 85,000 ரூபாயும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கொடுங்கள்" என்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டலாமா என்று யோசிக்கிறேன். படிப்பு முடியும் முன்பே விண்ணப்பிக்க முடியுமா? ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை தேவையில்லை என்கிறார்களே, உண்மையா? – ஒரு தாய், அருப்புக்கோட்டை.

பதில்: அம்மா, நகையை அடகு வைக்காதீர்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

கோட்டா என்று அவர்கள் சொன்னது பொய். எராஸ்மஸ் முண்டுஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியம் 2004 முதல் பணம் கொடுத்து நடத்திவரும் திட்டம். குறைந்தது மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு முதுகலைப் படிப்பை நடத்தும். மாணவர் குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பார். யாருக்கு உதவித்தொகை என்பதை அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களே கூடி உட்கார்ந்து மதிப்பெண் போட்டு முடிவு செய்கிறார்கள். அந்தந்தப் படிப்பின் இணையதளத்திலேயே உங்கள் மகள் நேரடியாக விண்ணப்பிக்கலாம். அண்மை ஆண்டுகளில் வருடத்துக்கு நூறு இந்திய மாணவர்களுக்கு மேல் இதைப் பெற்றுப் போயிருக்கிறார்கள். இதில் ஏஜெண்டுக்கு ஒதுக்கிய இடம் ஒன்றுகூடக் கிடையாது.

பிறகு ஏன் அவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு அலைகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுக் கல்லூரியில் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் கல்லூரி அவர்களுக்குக் கமிஷன் தரும். பிழைப்பு அதில்தான். உதவித்தொகையில் போகிற பிள்ளைக்குக் கமிஷன் கிடையாது. அதனால் ஒன்று, உங்களிடமே வாங்குவார்கள். இல்லையென்றால் ஸ்காலர்ஷிப் என்று உள்ளே அழைத்து, கடைசியில் கடன் வாங்கிப் படிக்கும் படிப்பில் கொண்டுபோய் விடுவார்கள்.

இரண்டாவதை நான் நேரில் பார்த்தேன். கடந்த ஆண்டு ஒரு தகப்பனார் பிளாஸ்டிக் ஃபோல்டரில் ஒரு கடிதம் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "சீட் கிடைச்சாச்சு சார், ஸ்காலர்ஷிப் அடுத்த ரவுண்டுல வரும்னு சொல்றாங்க" என்றார். மூன்றாவது வரியிலேயே எழுதியிருந்தது: சொந்தச் செலவில் படிப்பதானால் இடம் உண்டு. அந்த வரியை யாரும் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை. வங்கியில் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நிராகரிப்பு போக, எராஸ்மஸ் முடிவு மூன்று விதமாக வரும்: உதவித்தொகை உண்டு, காத்திருப்புப் பட்டியல், சொந்தச் செலவில் சேரலாம். காத்திருப்புப் பட்டியல் நகரக்கூடியதுதான். இரண்டு படிப்புகளுக்குத் தேர்வானவர் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால் கீழே இருப்பவர் மேலே வருவார். சொந்தச் செலவு என்று வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ரவுண்டுக்குக் காத்திருக்காதீர்கள்.

ஒரிஜினல் சான்றிதழ் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். விண்ணப்பிக்கும்போது ஸ்கேன் செய்த நகல் போதும். ஒரிஜினலைக் காட்ட வேண்டிய நேரம் விசாவிலும் சேர்க்கையிலும் வரும். அப்போது அதை உங்கள் மகளே கையில் எடுத்துக்கொண்டு போவாள். ஏஜெண்ட் அதைக் கேட்பது பிள்ளை வேறு பக்கம் போகாமல் கட்டிப்போடத்தான். மனம் மாறிய ஒரு பெண், தன் மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்க 40,000 ரூபாய் கட்டினாள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். படிப்புக்கு அனுப்புகிறவர் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். போர்டு மாட்டினால் போதும். இத்தனை குடும்பங்கள் பணத்தைத் தொலைத்த பிறகும் இந்த ஓட்டையை ஏன் அடைக்கவில்லை என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

கடைசி வருடத்தில் விண்ணப்பிக்கலாமா? தாராளமாக. பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரிக்குள் விண்ணப்பம் முடிந்துவிடும். வகுப்பு செப்டம்பர் வாக்கில் தொடங்கும். ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டும், இந்த மாதத்தில் படிப்பு முடியும் என்று கல்லூரி தரும் கடிதமும் இருந்தால் இப்போதைக்குப் போதும். வகுப்பு தொடங்குவதற்குள் புரொவிஷனல் சான்றிதழ் கைக்கு வந்துவிட வேண்டும். அதனால் கடைசி செமஸ்டரில் அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்பு ஓர் ஆண்டில் மூன்று படிப்புகளுக்கு மேல் விண்ணப்பிக்கக் கூடாது என்று விதி இருந்தது. இப்போது அது இல்லை. மூன்றுக்கு ஒரு பேக்கேஜ் என்று யாராவது விற்றால் அவர் பழைய விதியை வைத்துக் கடை நடத்துகிறார் என்று அர்த்தம்.

ஐஈஎல்டிஎஸ் பற்றிக் கேட்டீர்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மைதான் பல பிள்ளைகளைக் கவிழ்த்திருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பட்டப்படிப்பை ஆங்கில வழியில் படித்தவர்களிடம் சில படிப்புகள் ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண் கேட்பதில்லை. ஆங்கில வழியில் படித்தார் என்ற சான்றிதழையே ஏற்றுக்கொள்ளும். சில படிப்புகள் எந்தச் சான்றிதழையும் ஏற்காது, மதிப்பெண்தான் வேண்டும் என்று அடித்துச் சொல்லும். இன்னும் சில, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டில் படித்திருந்தால் மட்டும் விலக்கு என்று எழுதியிருக்கும். நம் பிள்ளைகள் அவசரத்தில் 'ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு விலக்கு' என்று அதைப் படித்துவிடுகிறார்கள்.

ஏற்கிறவர்களிடமும் வாசகம் முக்கியம். ஒரு பையனுக்குக் கல்லூரி கொடுத்த சான்றிதழில், 'எங்கள் கல்லூரியில் பயிற்று மொழி ஆங்கிலம்' என்று ஒற்றை வரி இருந்தது. அவன் பெயர் இல்லை, எந்தப் பட்டம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதும் இல்லை. நிராகரித்துவிட்டார்கள். இன்னார், இந்தப் பட்டப்படிப்பு முழுவதையும், தேர்வுகள் உட்பட, ஆங்கிலத்திலேயே படித்தார் என்று லெட்டர்ஹெட்டில் தேதியும் முத்திரையும் கையெழுத்துமாக இருக்க வேண்டும். ஆகவே என் யோசனை: ஐஈஎல்டிஎஸ்ஸை எழுதிவிடட்டும். கட்டணம் சுமார் 18,000 ரூபாய் ஆகும், உங்களுக்கு அது பெரிய தொகைதான். ஆனால் அந்த மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும், எல்லாக் கதவும் திறந்திருக்கும். பொதுவாக 6.5 கேட்பார்கள். கோச்சிங் சென்டருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். இலவச மாதிரித் தாள்கள் இணையத்திலேயே இருக்கின்றன. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சிஜிபிஏ 7.9 வாங்கும் பெண்ணுக்கு அது எட்டாத உயரம் இல்லை.

உண்மையில் தேர்வு நடப்பது ஏன் இந்தப் படிப்பு என்று அவள் எழுதும் கடிதத்திலும், இரண்டு பேராசிரியர்களின் பரிந்துரையிலும்தான். கடிதத்தை ஏஜெண்டிடம் விட்டால் என்ன ஆகும்? ஒரே வாரத்தில் மூன்று பிள்ளைகள் தங்கள் கடிதங்களைக் காட்டினார்கள். மூன்றிலும் முதல் வாக்கியம் ஒன்றே: சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம். ஒருத்தி சிவில் இன்ஜினியரிங் மாணவி. தேர்வுக் குழுவும் அந்த மூன்றையும் படிக்கும் அல்லவா? உங்கள் மகள் வீட்டுப் பக்கத்தில் மோர் மிளகாயோ வடகமோ மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து வீணாவதைப் பார்த்திருப்பாள். கல்லூரி லேபில் ஈரப்பதம் அளந்திருப்பாள். அதையும் இதையும் சேர்த்து இரண்டு பத்தி எழுதினால் எந்தக் கன்சல்டன்சியும் அதைத் தயாரித்துத் தர முடியாது. அவள் துறைக்கு உதாரணம் சொன்னால், ஃபிப்டெஸ் என்று உணவுப் பொருள் வடிவமைப்பில் ஒரு படிப்பு உண்டு. பாரிஸ், டப்ளின், நேப்பிள்ஸ், லுண்ட் ஆகிய நான்கு ஊர்களின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கியது. எந்தப் படிப்பாக இருந்தாலும் இந்த வருடச் சேர்க்கைக்கு உதவித்தொகை உண்டா என்று அதன் தளத்தில் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படிப்புக்குக் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குத்தான் பணம் ஒதுக்கும். பணம் தீர்ந்த பிறகும் படிப்பு மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனால் நம் கல்லூரிகளில் கிடைக்கும் பதில், "நீயே டைப் பண்ணிக் கொண்டு வாம்மா, சைன் போட்டுத் தர்றேன்" என்பது. நான்கு வருடம் சொல்லிக் கொடுத்த பெண்ணைப் பற்றி அரைப் பக்கம் எழுத நேரமில்லையா? வேறு வழியில்லாவிட்டால், தான் செய்த புராஜெக்ட், அதில் என்ன கண்டுபிடித்தாள், எந்த இடத்தில் தவறி மறுபடி செய்தாள் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்து, அதை வைத்து எழுதித் தாருங்கள் என்று பணிவாகக் கேட்கட்டும். பல படிப்புகள் பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கடிதத்தைப் பதிவேற்றச் சொல்லும். அவருடைய கல்லூரி மின்னஞ்சலைக் கொடுப்பது நல்லது. பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மொத்த மதிப்பெண் பட்டியலை வாங்க ஒன்றரை மாதம் அலையவிட்டதையும் பார்த்திருக்கிறேன், அதற்கும் இப்போதே எழுதிப் போடட்டும். பாஸ்போர்ட்டில் பெயர் விரிந்தும் மார்க் ஷீட்டில் இனிஷியலோடும் இருந்தால் பயப்பட வேண்டாம். எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதினால் சரி.

பணம் பற்றி. தேர்வானால் படிப்புக் கட்டணம் கிடையாது. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். மொத்தம் 33,600 யூரோ, நம் பணத்தில் 30 லட்சத்துக்கும் மேல். விமான டிக்கெட், விசா, வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மாதப் பணம் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்து வங்கிக் கணக்கு திறந்த பிறகே வரும். டிக்கெட்டுக்கும் வீட்டு முன்பணத்துக்கும் ஒன்றரை முதல் இரண்டு லட்சம் கையில் வேண்டியிருக்கும். உங்கள் நகைக்கு வேலை வந்தால் அப்போதுதான், கையில் தேர்வுக் கடிதம் வந்த பிறகு. விசாவுக்கு வங்கியில் 15 லட்சம் காட்ட வேண்டும், நாங்கள் வட்டிக்குப் போட்டுத் தருகிறோம் என்று இன்னொரு கூட்டம் வரும். உதவித்தொகைக் கடிதமே பொதுவாகப் பணத்துக்கான ஆதாரம். அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடிச் சமூகமாக இருந்தால் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தையும் பாருங்கள். ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். 2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் போனது. மீதி 66 பேருக்கு நிதி இருந்தால் தருகிறோம் என்றார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிவிட்டு வாசலில் நிற்கும் பிள்ளையிடம் சொல்லும் பதிலா இது?

இந்த வாரம் மூன்று வேலை. எராஸ்மஸ் முண்டுஸ் கேட்டலாக் என்ற அதிகாரப்பூர்வப் பட்டியலை ஐரோப்பிய ஒன்றியத்தின் தளத்தில் திறந்து, மகள் தன் துறைக்குப் பொருந்தும் ஐந்தாறு படிப்புகளையும் கடைசித் தேதிகளையும் ஒரு நோட்டில் எழுதட்டும். இரண்டு பேராசிரியர்களை நேரில் போய்ப் பார்க்கட்டும். கன்சல்டன்சிக்காரர் மறுபடி போன் செய்தால், உங்கள் கோட்டா அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது, லிங்க் அனுப்புங்கள் என்று மட்டும் கேளுங்கள்.