மேடைப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளைச் சொல்லும் ஆர்தர் மில்லரின் ‘தி குருசிபிள்’ நாடகத்தைக் கல்லூரியில் தமிழில் போடுகிறோம். மூன்றாம் அங்கத்தில் பெண்கள் மஞ்சள் பறவையைக் கண்டு அலறும் காட்சி வெறும் கூச்சலாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆடச் சொல்லியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. திரௌபதி அம்மன் கூத்து பார்த்து வளர்ந்த கடலூர்க்காரர்களுக்குத் தலைவிரி கோலம் என்றால் அருள் வந்துவிட்டது, கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். இங்கே அந்தப் பெண்களின் தலைவி அபிகெயில், சூனியம் தாக்கியதுபோல் நடிக்கிறாள் என்பது பார்வையாளருக்குத் தெரிய வேண்டும், நீதிபதி டான்ஃபோர்த்துக்குத்தான் தெரியக்கூடாது. முடியைத் துணித் தொப்பிக்குள் இறுகக் கட்டுங்கள். உடம்பு அசையாமல் கழுத்தும் கண்ணும் மட்டும் வேலை செய்யட்டும்.

பறவையைக் காட்டவே வேண்டாம். மேலே விளக்கு மாட்டும் குழாயில் ஒரு வெள்ளை நாடா ஒட்டி, எல்லோரும் அதையே பார்க்கட்டும். ஆளுக்கொரு திசையில் பார்த்தால் காட்சி போச்சு. அவர்கள் நடிக்கிறார்கள் என்று சாட்சி சொல்ல வந்த மேரி வாரன் சொல்வதை எல்லோரும் திருப்பிச் சொல்லும்போது அபிகெயில் மூச்சிழுப்பதுதான் மற்றவர்களுக்குச் சைகை. மேரியின் சுருதியும் வேகமும் அப்படியே வர வேண்டும். முதல் இரண்டு முறை தாழ்ந்த குரல் போதும். எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போனால், மேரி உடைந்து, தன்னை அழைத்துவந்த விவசாயி ப்ராக்டர் மீது பழி போடும்போது ஏற்றுவதற்குக் குரல் மிச்சமிருக்காது.

அதற்கு முன்னால் ப்ராக்டரின் மனைவி எலிசபெத், கணவனுக்கும் அபிகெயிலுக்கும் இருந்த உறவை மறைத்துப் பொய் சொல்லும் இடத்தில் ப்ராக்டரும் அபிகெயிலும் முதுகைத் திருப்பி நிற்க வேண்டும். டான்ஃபோர்த்தின் உத்தரவு அது. கணவன் முகம் எலிசபெத்துக்குத் தெரிந்துவிட்டால் அந்தப் பொய்க்கே வேலை இல்லை.

கேள்வி: கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க விசாரணைக் குழு தன்னை அழைத்த கோபத்தில்தானே மில்லர் இதை எழுதினார்?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: வரிசை தலைகீழ். நியூயார்க்கில் நாடகம் அரங்கேறியது 1953 ஜனவரியில். அவரை அழைத்தது 1956இல். அழைத்தது பிரதிநிதிகள் சபையின் குழு. கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பெயர்போன மெக்கார்த்தி செனட்டர், அந்தக் குழுவில் அவர் இல்லை. ஆனால், மில்லரின் நெருங்கிய இயக்குநர் எலியா கஸான் 1952இலேயே அதே குழுவிடம் சக கலைஞர்களின் பெயர்களைச் சொல்லியிருந்தார். உயிர் பிழைக்கச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளத் துணிந்த ப்ராக்டர், நான்காம் அங்கத்தில் அடுத்தவர் பெயரை மட்டும் சொல்ல மறுப்பதை இதோடு வைத்துப் படியுங்கள். மில்லரும் பெயர் சொல்ல மறுத்தார். நாடாளுமன்றத்தை அவமதித்ததாக 1957இல் குற்றவாளி என்றார்கள், 1958இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது.

கேள்வி: சேலத்தில் சூனியக்காரிகளை எரித்தார்களாமே?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இல்லை. 1692இல் மாசசூசெட்ஸ் சேலத்தில் தூக்கிலிட்டவர்கள் 19 பேர், அவர்களில் ஆண்களும் உண்டு. வழக்கில் பதில் சொல்ல மறுத்த ஜைல்ஸ் கோரியைக் கல் அடுக்கி நசுக்கினார்கள். ப்ராக்டர்–அபிகெயில் உறவு மில்லரின் கற்பனை. நிஜத்தில் ப்ராக்டருக்கு வயது 60, அபிகெயிலுக்கு 11 அல்லது 12.

கேள்வி: புதுச்சேரியில் டிக்கெட் போட்டு நடத்த அனுமதி வேண்டுமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: வேண்டும். மில்லர் இறந்தது 2005இல். நம் சட்டப்படி நாடகத்துக்குப் பதிப்புரிமை இன்னும் உண்டு. மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கும் கல்லூரி நிகழ்ச்சிக்குச் சட்டத்தில் சலுகை இருக்கிறது. மொழிபெயர்ப்பு உரிமை வேறு. பிரதியில் கை வைக்கும் முன்பே எழுதிக் கேளுங்கள்.