48 வயதில் பெடல் ஸ்டீல் கிட்டார் கற்க முடியுமா?

வாசகர் கேள்வி: டெக்ஸாஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். வயது 48. பல வருஷமாக அக்கூஸ்டிக் கிட்டாரில் கார்டு பிடித்துப் பாடுவேன். சின்ன வயதில் கொஞ்சம் கர்நாடக சங்கீதமும் கற்றேன். இங்கே ஒரு நடன அரங்கில் பெடல் ஸ்டீல் கிட்டாரை நேரில் கேட்டதிலிருந்து அந்த ஆசை விடவில்லை. இரண்டு கை, இரண்டு கால், இரண்டு முழங்கால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டுமாமே, இந்த வயதில் வருமா? முதலில் விலை மலிவாக ஒன்றை வாங்கிப் பழகலாமா? ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும்.

பதில்: வரும். கை கால் ஒத்துழைக்குமா என்றுதான் எல்லாரும் முதலில் பயப்படுகிறார்கள். அது சில மாதங்களில் தானாகப் பழகிவிடும். பெரியவர்களை உண்மையில் திணற வைப்பவை வேறு இரண்டு: பாரை, அதாவது இடது கையில் பிடித்துத் தந்தி மேல் நகர்த்தும் உலோகத் துண்டை, சரியான சுருதியில் வைப்பது, வேண்டாத ஒலியை அடக்குவது. இரண்டுக்கும் காதுதான் முக்கியம். காதுக்கு 48 ஒரு வயதே இல்லை.

முதலில் கருவியைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். தந்தி மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாயில் பிறந்தது. பெடல் வந்தது அதற்கு வெகு காலம் கழித்து. 1954-ல் வெளியான கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாடலில் ஸ்டீல் கிட்டார் வாசித்த பட் ஐசக்ஸ் ஒரு காரியம் செய்தார். தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து, சில தந்திகளை மட்டும் மேலே ஏற்றினார். மற்ற தந்தி அசையாமல் நிற்க, பக்கத்துச் சுரம் வழுக்கி ஏறி அதனுடன் சேர்ந்தது. நடன அரங்கில் உங்களை உலுக்கியது அநேகமாக அந்த ஒலிதான். நம் கோட்டுவாத்தியத்திலும் வழுக்கல் உண்டு. ஆனால் ஒரு தந்தியை நிறுத்தி இன்னொன்றை மட்டும் நகர்த்துவது பெடலால்தான் கைகூடுகிறது.

இப்போது வாங்கும் விஷயம். மலிவான பெடல் ஸ்டீல் வேண்டவே வேண்டாம். பெடலை விட்டதும் தந்தி பழைய சுருதிக்கே திரும்பாத கருவியில் பழகினால், தப்பு உங்கள் கையிலா இயந்திரத்திலா என்று உங்களுக்கே தெரியாமல் போகும். பாதிப் பேர் கற்பதை விட்டுவிடுவது இதனால்தான் என்பது என் எண்ணம். பணம் குறைவாகத்தான் இருக்கிறது என்றால் பெடல் இல்லாமல் மடியில் வைத்து வாசிக்கும் ஒரு சாதாரண லேப் ஸ்டீல் வாங்கி ஆறு மாதம் பாரையும் வலது கையையும் பழகுங்கள். அதில் கற்றது எதுவும் வீண் போகாது.

பெடல் ஸ்டீலையே வாங்குவதென்றால் ஒற்றைக் கழுத்து, 10 தந்தி, ஈ9 சுருதி, 3 பெடல், 4 முழங்கால் லீவர் (முழங்காலால் தள்ளித் தந்தியின் சுருதியை மாற்றும் கம்பி) உள்ளதைத் தேடுங்கள். இன்றைக்குக் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் இந்த அமைப்பை வைத்தே எழுதப்பட்டவை. ஒரு லீவரோடு வரும் பழைய மாணவர் மாடல்களில் சீக்கிரமே பாதி பாடங்களை வாசிக்க முடியாமல் நின்றுவிடுவீர்கள். டெக்ஸாஸில் இருப்பதால் வெஸ்டர்ன் ஸ்விங் என்ற நடன இசை மேல் உள்ள ஆசையில் சி6 சுருதியும் சேர்ந்த இரட்டைக் கழுத்துக் கருவி கண்ணில் படும். எடையும் அதிகம், குழப்பமும் அதிகம். அது அப்புறம்.

பழைய கருவியைப் பார்க்கப் போகும்போது ட்யூனரை எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பெடலையும் லீவரையும் பத்து முறை அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் முள் அதே இடத்துக்கு வர வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால் லீவர்கள் எட்டுகின்றனவா, இடிக்கின்றனவா என்றும் பாருங்கள். பெடல் வரிசையையும் கேளுங்கள். இடமிருந்து ஏ, பி, சி என்று வந்தால் எம்மன்ஸ் முறை. தலைகீழாக சி, பி, ஏ என்று வந்தால் டே முறை. பட்டி எம்மன்ஸ், ஜிம்மி டே என்ற இரு பெரிய கலைஞர்களின் பெயரால் வந்தவை. இரண்டும் நல்லவைதான், ஆனால் ஆசிரியர்களில் அதிகம் பேர் எம்மன்ஸ் முறையில் வாசிப்பவர்கள்.

கிட்டார் அனுபவம் விரலுக்கு அவ்வளவாக உதவாது. ஜி, சி, டி என்ற கார்டு ஓட்டம் உங்கள் காதில் இருக்கிறது, அதுதான் லாபம். ஈ9 சுருதியில் வெறும் தந்திகள் ஈ கார்டு. 3-ஆம் ஃபிரெட்டில் பாரை வைத்து 4, 5, 6-ஆம் தந்திகளை மீட்டினால் ஜி கார்டு. அங்கேயே இருந்துகொண்டு ஏ, பி பெடல்களைச் சேர்த்து மிதியுங்கள்: சி. பெடலை விடாமல் 5-ஆம் ஃபிரெட்டுக்கு நகருங்கள்: டி. திரும்பி 3-க்கு வந்து பெடலை விடுங்கள்: மீண்டும் ஜி. முதல் நாளே ஒரு பாட்டுக்குப் பின்னணி வாசித்துவிடலாம். 3-ஆம் ஃபிரெட்டில் ஏ பெடலை மட்டும் மிதித்தால் ஈ மைனரும் கிடைக்கும்.

ஏ பெடல் 5, 10-ஆம் தந்திகளை இரண்டு ஃபிரெட் அளவு ஏற்றுகிறது. பி பெடல் 3, 6-ஆம் தந்திகளை ஒரு ஃபிரெட் அளவு ஏற்றுகிறது. இரண்டையும் இடது பாதம் ஒன்றே மிதிக்கும். கணுக்காலை லேசாகச் சாய்த்து ஒன்றை மட்டும் விடப் பழக வேண்டும். தடித்த அடிப்பாகமுள்ள ஷூ போட்டால் எந்தப் பெடல் காலடியில் இருக்கிறது என்றே தெரியாது.

அடுத்த இடத்தையும் காட்டிவிடுகிறேன். அதே ஜி, 10-ஆம் ஃபிரெட்டில் ஏ, பி பெடல்களோடு கிடைக்கும். 6-ஆம் ஃபிரெட்டில் ஏ பெடலோடு, ஈ தந்திகளை (4, 8) ஒரு ஃபிரெட் ஏற்றும் லீவரைச் சேர்த்தாலும் கிடைக்கும். 3, 6, 10 என்ற இந்த மூன்று இடங்களுக்கிடையே தடுமாறாமல் போய் வருவதை முதல் வருஷத்துப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சுருதி விஷயத்தில் உங்கள் கர்நாடக சங்கீதம் கைகொடுக்கும். போனில் தம்பூரா ஆப்பை ஜி-யில் வைத்துவிட்டு 3-ஆம் ஃபிரெட்டில் ஒரே ஒரு தந்தியை மீட்டி, அது தம்பூராவோடு கரையும் வரை பாரைத் தலைமுடி அளவு முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். இங்கே ஃபிரெட் என்பது வெறும் கோடு, அடையாளம் மட்டுமே. பார் அந்தக் கோட்டுக்கு நேர் மேலே, கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கண் ஏமாற்றும். அதனால் காது சொல்வதைத்தான் கடைசியில் நம்ப வேண்டும். சுருதி சேரும் முன் பாரை ஆட்டி அதிர வைக்காதீர்கள். அந்த அதிர்வு தப்பை மறைத்துவிடும், நீங்களும் மறந்துவிடுவீர்கள்.

சுருதி கூட்டும்போது இன்னொன்றும் தெரியவரும். ட்யூனர் காட்டியபடி எல்லாத் தந்தியையும் கூட்டினால் கார்டு கரகரக்கும். 3, 6-ஆம் தந்திகள் ஈ கார்டின் அந்தர காந்தாரம். அவற்றை முள்ளுக்குச் சற்றுக் கீழே கூட்டுவதுதான் பல வாசிப்பவர்களின் வழக்கம். கார்டு முழுசாகக் கரைய வேண்டுமென்றால் அது 14 சென்ட் கீழே வரும் (ஒரு ஃபிரெட் தூரம் 100 சென்ட்); பியானோவோடு சேர்ந்து வாசிக்கிறவர்கள் அவ்வளவு இறக்குவதில்லை. தம்பூரா கேட்டு வளர்ந்த காதுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உதிரி 3-ஆம் தந்திகள் கையிருப்பில் இருக்கட்டும். பத்திலும் உயர்ந்த சுரம் அதுதான், மெல்லியதும் அதுதான், அடிக்கடி அறுவதும் அதுதான்.

மிக முக்கியமானதும் மிகக் குறைவாகப் பழகப்படுவதும் ஒலியை அடக்குவது. பார் எல்லாத் தந்திகளையும் தொட்டுக்கொண்டிருப்பதால், மீட்டாத தந்தியும் முனகும், மீட்டிய தந்தி அடுத்த சுரத்தின் மேல் வழியும். கட்டை விரலில் பிளாஸ்டிக் பிக், இரண்டு விரல்களில் உலோகப் பிக் மாட்டிய பிறகு வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தைத் தந்திகள் மேல் லேசாகப் பதியுங்கள். மீட்டும் கணத்தில் அது எழும்பும், உடனே திரும்பப் படியும். மெட்ரோனோமை 60-ல் வைத்து, ஒரு தட்டுக்கு 5-ஆம் தந்தியை மீட்டி, அடுத்த தட்டில் அமைதியாக்குங்கள். அந்த அமைதி தட்டின் மேலேயே விழ வேண்டும், முன்னால் பின்னால் விழக் கூடாது. பிறகு 5, 4 என்று மாறி மாறி. இடது கையில் ஆள்காட்டி விரல் பாரின் மேல் இருக்க, மோதிர விரலும் சுண்டுவிரலும் பாருக்குப் பின்னால் தந்தி மேல் தளர்வாகக் கிடக்க வேண்டும். அவை தூக்கிக்கொண்டு நின்றால் பின்புறத்திலிருந்து சரசரப்பு வரும். அலுப்பான பயிற்சிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் பத்து நிமிடம் இதைச் செய்தவரின் வாசிப்பு ஒரு வருஷத்தில் தனியாகத் தெரியும்.

வலது காலுக்கு உள்ள வால்யூம் பெடலை முதல் இரண்டு மாதம் தொடாதீர்கள். தொடக்கத்திலேயே அதைப் பழகினால் ஒவ்வொரு சுரத்துக்கும் கால் தாளம் போடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். தேய்ந்துவரும் ஒலியைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கத்தான் அது. மீட்டும்போது பாதி திறந்திருந்தால், ஒலி தேயத் தேய மிச்சத்தைத் திறக்கலாம்.

அரை மணி நேரம் போதும், தினமும் என்றால். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவது முதுகுக்கும் நல்லதில்லை, காதுக்கும் பயனில்லை. அடக்கும் பயிற்சிக்குப் பத்து, தம்பூராவோடு பத்து, பிடித்த பாட்டுக்குப் பத்து. கருவியை மடித்துப் பெட்டியில் வைக்காதீர்கள். அறையில் நிரந்தரமாக நிற்கட்டும். இல்லையென்றால் எடுத்து மாட்டவே கால் மணி நேரம் போய்விடும்.

பால் ஃபிராங்க்ளின் போன்ற நாஷ்வில் கலைஞர்கள் ஆன்லைனில் பாடம் நடத்துகிறார்கள். ஆனாலும் தொடக்கத்தில் ஓரிரு முறையாவது நேரில் ஒருவரிடம் உட்காருங்கள். கை தூக்கி நிற்பதும் தோள் இறுகுவதும் வாசிப்பவருக்குத் தெரியாது. டெக்ஸாஸில் இந்தக் கருவியை வாசிப்பவர்களுக்குக் குறைவில்லை. நடன அரங்கில் இடைவேளையில் போய்ப் பேசுங்கள். வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஆசையாகச் சொல்லித் தருவார்கள்.

பிறரோடு வாசிக்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம். ஜி, சி, டி கைவந்ததும், நண்பர் ஒருவர் கிட்டாரில் பாட நீங்கள் உட்காரலாம். அவர் பாடும் வரியில் வாசிக்காதீர்கள், வரி முடிந்து மூச்செடுக்கும் இடத்தில் இரண்டு சுரம் வாசியுங்கள். அடுத்த வரி தொடங்கும் முன் உள்ளங்கை தந்திகள் மேல் படிந்திருக்க வேண்டும்.