ஆக்மென்டின் பாட்டில் இன்னும் ஃபிரிட்ஜ்லதான் இருக்கு, டாக்டர்

கேள்வி: என் பொண்ணுக்கு 7 வயசு, பிரைமரி ஒன். போன வருஷம் கால்ல சீழ் கட்டினதுக்கு கிளின்டமைசின் குடுத்தாங்க, அது முடிஞ்ச கொஞ்ச நாள்லயே தண்ணி தண்ணியா வயித்தால போக ஆரம்பிச்சு, ஆஸ்பத்திரில டெஸ்ட் பண்ணி சி டிஃப் கிருமின்னாங்க, வான்கோமைசின் 10 நாள் குடுத்த பிறகுதான் நின்னுச்சு. இப்ப ரெண்டு நாளா காய்ச்சல், தொண்டை வலி, இருமல், மூக்கு ஒழுகுது. பிளாக் கீழ உள்ள கிளினிக்ல ஆக்மென்டின் சிரப் குடுத்துட்டாங்க, பழைய கதைய நான் சொல்ல மறந்துட்டேன். குடுக்க பயமா இருக்கு, மாமியாரோ குடு குடுங்கிறாங்க. எந்த ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கணும்?
– வாசகி, ஈசூன்

பதில்: எந்த மருந்துன்னு கேக்கறதுக்கு முன்னாடி, மருந்து வேணுமான்னு கேளுங்கம்மா. தொண்டை வலியோட மூக்கும் ஒழுகி இருமலும் இருந்தா அது பெரும்பாலும் வைரஸ்தான், அதுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது, குடல்ல இருக்கிற நல்ல கிருமிதான் சாகும், அந்தக் காலி இடத்துலதான் சி டிஃப் வந்து உக்காரும். போன தடவை நடந்ததும் அதுதான்.

அதனால அதே கிளினிக்குக்கு இன்னைக்கே போன் போட்டு, "இவளுக்கு போன வருஷம் சி டிஃப் வந்திருக்கு, இந்த மருந்து கண்டிப்பா வேணுமா, தொண்டைல ஸ்வாப் எடுத்துப் பாக்கலாமா"ன்னு கேளுங்க. டாக்டர் கோவிச்சுக்க மாட்டார், கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. ஸ்ட்ரெப்னு, அதாவது தொண்டையப் பிடிக்கிற பாக்டீரியான்னு வந்தா பென்சிலினோ வெறும் அமாக்சிசிலினோ போதும், அந்தக் கிருமி இன்னைக்கு வரைக்கும் பென்சிலினுக்கு அடங்குது. ஆக்மென்டின்ல கூட சேர்ந்திருக்கிற கிளாவுலனேட் அதுக்குத் தேவையே இல்ல, வயித்தக் கலக்கறதும் முக்கியமா அதுதான்.

மத்தபடி கிளின்டமைசின், செஃப்ட்ரியாக்சோன், செஃபிக்சிம் வகையறா, சிப்ரோஃப்ளாக்சசின், இதுங்கதான் சி டிஃபுக்கு ரொம்ப வழி விடுற மருந்துங்க. கோட்ரைமாக்சசோல், அசித்ரோமைசின் மாதிரி மருந்துங்கள்ல ஆபத்து கம்மி, ஆனா சுத்தமா இல்லன்னு எதையும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, நாளைக்கு நிமோனியாவோ காய்ச்சலோட சிறுநீர்த் தொற்றோ வந்து டாக்டர் செஃப்ட்ரியாக்சோன்தான் வேணும்னா மறுக்காதீங்க, அங்க தாமதம் பண்றதுதான் பெரிய ஆபத்து. அவர்கிட்ட கேக்க வேண்டியது, இதவிட கம்மியான கிருமி வகைகள மட்டும் தாக்குற மருந்து இருக்கா, எத்தனை நாள் போதும், சிறுநீர்த் தொற்றுன்னா யூரின் கல்ச்சர் (எந்தக் கிருமின்னு வளத்துப் பாக்கற டெஸ்ட்) ரிசல்ட் வந்தா மாத்துவீங்களா, அவ்வளவுதான்.

மாமியார்கிட்ட பக்குவமா சொல்லுங்க. (எங்க வீட்லயும் ஊர்லேர்ந்து வர்ற சூட்கேஸ்ல முறுக்கோட ஆன்டிபயாடிக் அட்டையும் வரும், அது தனிக் கதை.)

எந்த ஆன்டிபயாடிக் குடுத்தாலும், குடுக்கிறப்பவும் முடிஞ்ச பிறகு மூணு மாசம் வரைக்கும் வயித்தப் பாத்துக்கிட்டே இருங்க, முதல் மாசம் ரொம்ப. ஒரே நாள்ல மூணு தடவையோ அதுக்கு மேலயோ தண்ணியா போனா, ரத்தம் வந்தா, வயிறு உப்பினா உடனே காட்டணும், நீங்களா லோபெரமைட் குடுத்து நிறுத்தப் பாக்காதீங்க. நல்லா இருக்கிற பிள்ளைக்கு, கிருமி போச்சான்னு பாக்க மலப் பரிசோதனை வேணாம், குணமான பிறகும் பாசிட்டிவ் காட்டலாம். யாகுல்ட் குடுக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க, ஆசைக்குக் குடுங்க, அது தடுக்கும்னு நம்பி இருக்காதீங்க. டாய்லெட் போய்ட்டு வந்தா சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்க, ஹேண்ட் சானிடைசருக்கு இந்தக் கிருமியோட விதை சாகாது.

எச்சில் முழுங்க முடியாம வழிஞ்சாலோ, மூச்சு திணறினாலோ போன்லாம் போடாம நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

ஃபிரிட்ஜ்ல உள்ள பாட்டில் கிளினிக் பதில் வர்ற வரைக்கும் அங்கயே இருக்கட்டும். வேணாம்னு சொல்லிட்டா அடுத்த காய்ச்சலுக்கு ஆகும்னு எடுத்து வைக்காதீங்க, தண்ணி கலந்த ஆக்மென்டின் 7 நாள்தான் தாங்கும்.