எங்கள் நகரப் பள்ளியைப் பல்கலைக்கழகம் ஒன்று கூட்டாய்வுக்கு அழைக்கிறது. இதனால் பள்ளிக்கு உண்மையில் பயன் உண்டா?

உண்டு, முடிவுகள் உங்கள் பள்ளிக்கே திரும்பி வந்தால்.

முதுகலை படித்தபோது சர்வே படிவக் கட்டோடு ஒரு நகரப் பள்ளிக்குப் போனேன். கணக்கு டீச்சர் ஒருவர் அலமாரியைத் திறந்து, முன்பு வேறொரு குழு விட்டுப்போன இதே மாதிரிப் படிவங்களைக் காட்டினார். “இவங்களுக்கும் நிரப்பிக் கொடுத்தோம். என்ன தெரிஞ்சதுன்னு யாரும் வந்து சொல்லலை. நீங்களாவது சொல்வீங்களா தம்பி?” சொல்கிறேன் என்றேன். ஆய்வேடு துறை நூலகத்துக்குப் போனது. அந்த டீச்சருக்கு ஒரு பக்கச் சுருக்கம்கூட நான் அனுப்பவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

இதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சிகாகோவில் பார்க்கலாம். நகரப் பள்ளிகளை ஆராயவென்றே சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1990-ல் ஓர் ஆய்வுக் கூட்டமைப்பு தொடங்கியது. எந்த மாணவர் படிப்பைப் பாதியில் விடுவார் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்று தேடினார்கள். விடை ஒன்பதாம் வகுப்பில், அதாவது அங்குள்ள நான்காண்டு உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டில், கிடைத்தது. அந்த ஆண்டில் 5 கிரெடிட் (ஒரு முழு ஆண்டுப் பாடத்தில் தேறினால் ஒரு கிரெடிட்) பெற்று, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் வாங்காதவர்கள் நான்கே ஆண்டில் படிப்பை முடிக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்றது 2005 அறிக்கை. பழைய தேர்வு மதிப்பெண்கள் இந்த அளவுக்குத் துப்புக் கொடுக்கவில்லை.

ஆசிரியருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது. இந்தப் பருவத்தில் நழுவுகிற பாடத்தை மாற்றலாம். சறுக்கும் மாணவர்களின் பெயர்ப் பட்டியல் பருவம் முடியும் முன்பே பள்ளிகளின் கைக்கு வந்தது. 2007-ல் 57 சதவீதமாக இருந்த ‘தடத்தில் இருக்கும்’ ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், அதாவது மேலே சொன்ன அளவுகோலை எட்டியவர்கள், 2013-ல் 82 சதவீதம் ஆனார்கள். தாராளமாகப் பாஸ் போட்டிருப்பார்களோ என்று எனக்கும் தோன்றியது. ஆனால் படிப்பை முடித்தவர்களின் விகிதமும் உயர்ந்தது.

இன்னொரு நல்ல வழக்கமும் அங்கே உண்டு: வெளியிடும் முன் முடிவுகளைப் பள்ளி நிர்வாகத்திடம் காட்டுவார்கள், ஆனால் வெளியிடும் உரிமை ஆய்வாளர்களுடையதுதான்.

எல்லாக் கூட்டும் இப்படி அமைவதில்லை. பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் துணையோடு 2001-ல் தொடங்கிய பள்ளி நன்றாகவே நடக்கிறது. அதனாலேயே சுற்றுவட்டார வீட்டு விலையும் ஏறியது. ஏழைக் குடும்பங்கள் அங்கே குடியிருப்பதே கடினமாகிவிட்டது.

எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், எந்த மாதம், எந்த ஆசிரியர் கூட்டத்தில் முடிவுகளை வந்து சொல்வார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.